ரோஸ் நூல் கட்டிய குஞ்சு

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். வானத்தில் பாதிக்கு மேகம், மழை இல்லை. வடகிழக்கிலிருந்து லேசான காற்று. பின்பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 25 டிகிரி காட்டியது. அந்த நேரத்தில் ஆர்ப்பிங்டன் என்னும் சீமைக்கோழியின் பன்னிரண்டு முட்டைகளைப் பக்கத்து வீட்டு அடைக்கோழிக்கு அடியில் வைத்தோம்.

வைத்தோம் என்று சொல்வது சரியில்லை. வைத்தது பக்கத்து வீட்டு அம்மா. நான் எண்ணினேன்.

அச்சரப்பாக்கத்திலிருந்து வேடந்தாங்கலுக்குப் போகும் உள்சாலை ஒன்றில் எங்களுக்கு எண்பத்திரண்டு சென்ட் நிலமும் ஒரு ஓட்டு வீடும் இருக்கின்றன. எடையளவு முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. இப்போது எழுபத்திரண்டு வயது. வீட்டில் நானும் மனைவியும் மட்டும். நிலத்தில் தென்னை பதினாறு, மா மூன்று, எலுமிச்சை நான்கு. இவற்றை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எண்ண முடியும்? அதனால் கோழி வளர்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஆர்ப்பிங்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு படம். கோதுமை நிறம், உருண்டை உடம்பு, கால் தெரியாத அளவுக்கு இறகு. சாதுவான பறவை, பறக்காது, சண்டைக்குப் போகாது என்று அதன் கீழே எழுதியிருந்தது. இந்த வயதில் எனக்கு வேண்டியது அதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் வளர்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம் கேட்டபிறகு பன்னிரண்டு முட்டைகளை மரத்தூளில் புதைத்து பஸ் பார்சலில் அனுப்பினார். அதோடு ஒரு செய்தியும் சொன்னார். கோழிகளையெல்லாம் விற்றுவிட்டு மகனிடம் வெளிநாட்டுக்குப் போகிறாராம், இனிமேல் முட்டை கிடையாது. ஆக, இந்தப் பன்னிரண்டிலிருந்து ஒரு சேவலும் ஒரு பெட்டையுமாவது தேறினால்தான் எனக்கு ஆர்ப்பிங்டன் உண்டு. இல்லாவிட்டால் தென்னை, மா, எலுமிச்சை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் மேற்பார்வை வேலை. காலை ஆறு இருபதுக்குக் கம்பெனி பஸ். அவருடைய தாத்தா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். அவருடைய மாதச் சம்பளம் இப்போது என் பென்ஷனைவிட ஆயிரத்து நூறு ரூபாய் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் கோழிகளோடு பேசுவார். அவரிடம்தான் அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழி இருந்தது. கேட்டதும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். கூடையில் வைக்கோல் போட்டு, அதன்மேல் ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு இரும்பு ஆணி வைத்தார். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க. ஜனவரியில் இடி இடிக்காது என்று சொன்னேன். இடிக்காவிட்டால் நல்லதுதானே என்றார்.

பிறகு முட்டையைப் பார்த்து, பன்னிரண்டு வேண்டாம், ஒன்றை எடுத்துவிடலாம், ரெட்டைப்படையில் அடை வைத்தால் பொரிக்காது என்றார். நான் எதையும் எடுக்கச் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு முட்டையையும் எடை போட்டு, பென்சிலால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதியிருந்தேன். அதில் எதை எடுப்பது? அவர் கோழியைத் தூக்கி முட்டைகளின்மேல் உட்கார வைத்தார். நானும் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

இருபத்தொரு நாள் கூடைக்குள் கையை விடக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. விட்டால் கோழி கொத்தும் என்பது எனக்கும் தெரிந்ததால் கடைப்பிடித்தேன். பிப்ரவரி 8 காலையில் ஒன்பது குஞ்சுகள் நின்றன. பொரிக்காத முட்டைகளை எடுத்துப் பார்த்தேன். நான்கு. ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. கோழியை எழுப்பி மறுபடியும் எண்ணினேன். பதின்மூன்றுதான். பொரிக்காதவற்றின் எண்கள் மூன்று, ஐந்து, எட்டு, பதினொன்று. நான்கிலும் என் கையெழுத்து. அதாவது எண் இல்லாத ஒரு முட்டை பொரித்துவிட்டது.

அன்று மாலை கம்பெனி பஸ் வந்ததும் வேலியோரம் போய்க் கேட்டேன்.

"ஆமா சார், நாந்தான் ஒன்னு வெச்சேன். எங்க வூட்டு கோழி முட்ட. ரெட்டப்படைல வெச்சிட்டு அப்பறம் ஒன்னும் பொரிக்கலன்னா என்னியத்தான கேப்பீங்க?"

ஒன்பது பொரித்திருக்கின்றன பாருங்கள் என்பதுபோல அவர் நின்றார்.

ஒன்பதும் மஞ்சள். ஒன்பதும் கத்தின. அதில் எட்டு ஆர்ப்பிங்டன், ஒன்று நாட்டுக்கோழி. எது என்று அவருக்கும் தெரியவில்லை. வளர்ந்தால் தானே தெரிந்துவிடும், இதில் என்ன அவசரம் என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னபடி ஐந்து மாதம் சும்மா இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் அடுத்தவர் சொத்து ஒன்று நம் வீட்டில் அடையாளம் தெரியாமல் தீவனம் தின்றுகொண்டிருப்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆர்ப்பிங்டன் கனமான இனம், நாட்டுக்கோழி இலேசானது. ஆகவே இது எடையால் தீர்க்க வேண்டிய விஷயம். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஒன்பது நிறத்தில் நூல் எடுத்து ஒன்பது காலிலும் கட்டினேன். ஒரு கிராம் வரை காட்டும் தராசு வாங்கினேன். அதையும் நம்பாமல் என்னிடமிருந்த இருநூறு கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு எடை. ஆறு ஞாயிறு. நோட்டில் ஐம்பத்து நான்கு கட்டங்கள்.

ஆறாவது ஞாயிறு, மார்ச் 17 அன்று, முடிவு தெளிவாக இருந்தது. எட்டு குஞ்சுகள் நானூற்று முப்பது கிராமுக்கும் ஐந்நூற்று அறுபதுக்கும் இடையில். ரோஸ் நூல் கட்டிய குஞ்சு மட்டும் இருநூற்று தொண்ணூறு. மூன்றாவது வாரத்தில் ரோஸ் நூலுக்கு ரத்தக் கழிச்சல் வந்து நான்கு நாள் எதுவும் தின்னாமல் கிடந்தது. அதையும் நோட்டில் எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, கணக்கில் எடுக்கவில்லை.

அன்றைக்கே ரோஸ் நூலைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் உரியவரிடம் ஒப்படைத்தேன். வெறுமனே ஒப்படைக்கவில்லை. நடுவில் கார்பன் தாள் வைத்து, 'எனக்குச் சேர வேண்டிய ஒரு குஞ்சை இன்று பெற்றுக்கொண்டேன், இது தொடர்பாக இருதரப்பிலும் இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்று எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் குஞ்சையும் தாளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிரதி ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

மே மாதம் வந்தது. சீமை இறகைப் போர்த்திக்கொண்டு செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலில் நிற்பது எந்தப் பறவைக்கும் நல்லதல்ல. கொட்டகைக்கு ஈரக் கோணி கட்டினேன். டேபிள் ஃபேன் வைத்தேன். மத்தியானம் நீர்மோர். குடிநீர்ப் பாத்திரத்தில் இரண்டு மணிக்கொரு தரம் ஐஸ் கட்டி. அப்படியும் ஒரு பெட்டை வாயைப் பிளந்தபடி ஒரு பிற்பகலில் போய்விட்டது. மிச்சம் ஏழு. அந்த ஏழில் ஒன்று மட்டும் ஃபேனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெயிலில் ஓடியாடிக்கொண்டிருந்தது. அதுதான் சேவல் என்று தெரிந்திருந்ததால், ஆணுக்குரிய தெம்பு என்று எடுத்துக்கொண்டேன். மனைவிக்கு அதன்மேல் பிரியம். காலையில் இட்லித் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டால் அது சமையலறை வாசலில் வந்து நிற்கும்.

ஜூலையில் அதன் கால் நீண்டது. கழுத்து நீண்டது. வால் கறுத்து வளைந்தது. ஒருநாள் கொட்டகைக் கூரையில் ஏறி நின்று கூவியது. ஆர்ப்பிங்டன் கூரை ஏறாது. இறகு மாறும் பருவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எடை போடுவதை நிறுத்தினேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் தற்செயலாகப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தில் கோதுமை நிறத்தில் ஒரு மூட்டை கிடந்தது. மூட்டை எழுந்து நடந்தது. உருண்டை உடம்பு, கால் தெரியாத இறகு, சிவப்புக் கொண்டை. படத்தில் பார்த்தது அப்படியே. நான் கோழிக்கு நூற்று இருபத்து மூன்று கிராம், நூற்று இருபத்து நான்கு கிராம் என்று தீவனத்தை அளந்து போட்டுக்கொண்டிருக்க, அது கேன்டீனில் மிஞ்சிய பொங்கலும் சாம்பார் சாதமும் தின்று வளர்ந்திருந்தது. காலில் நூல் இல்லை. எப்போதோ அறுந்திருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

என்னிடம் ஆர்ப்பிங்டன் பெட்டைகள் ஆறு, சேவல் இல்லை. அவரிடம் ஆர்ப்பிங்டன் சேவல் ஒன்று. நடுவில் மூன்றடி வலை வேலி.

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பதென்றால், ஆறு வாரம் எடை போட்டு, ஐம்பத்து நான்கு கட்டம் நிரப்பி, கார்பன் வைத்துக் கையெழுத்து வாங்கிய நான், தப்பான குஞ்சைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. இவர் எடை போட்டால் சரியாக இருக்கும் என்ற பேச்சு. அதனால் நான் வேறு வழி பார்த்தேன். ஒரு அதிகாலையில் வேலியின் ஒரு பகுதியை ஓரடி தாழ்த்தினேன். சேவல் தானாக வரட்டும் என்று. ஆர்ப்பிங்டன் பறக்காது என்று படித்துத்தான் அந்த இனத்தையே வாங்கினேன். இரண்டடி வேலிக்கு முன்னால் அது வந்து நின்று, பார்த்து, திரும்பிப் போனது. என் நாட்டுச் சேவல்தான் இந்தப் பக்கமிருந்து ஒரே தாவில் அந்தப் பக்கம் போய் அதோடு சண்டை போட்டுவிட்டு வந்தது. மேலும் அரையடி தாழ்த்தினேன். அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. வேலிக்கம்பு சாய்ந்துவிட்டது போலிருக்கிறது சார் என்று பக்கத்து வீட்டு அம்மாவே ஆள் வைத்து மூன்றடிக்கு நிமிர்த்திக் கொடுத்தார். நன்றி சொன்னேன்.

அக்டோபரிலிருந்து ஆறு பெட்டைகளும் முட்டையிட்டன. கூடவே இருப்பது நாட்டுச் சேவல் என்பதால் எல்லாவற்றையும் தின்றோம். தின்றுகொண்டே இருந்தோம். டிசம்பரில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகும் ஒருவர் காரை நிறுத்திவிட்டு, முழங்கை நீளக் கேமராவால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சேவலைப் படம் எடுத்தார். எந்த நாட்டிலிருந்து வலசை வந்தது என்று என்னைக் கேட்டார். பொள்ளாச்சி என்றேன்.

பேசியே ஆக வேண்டிய நாள் டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு அம்மாவின் மகளைத் திருவிடந்தையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ். பிரியாணியை அவரே செய்வதாக முன்கூட்டியே வந்துவிட்டார். இருபது பேருக்கு. காலை ஒன்பது மணிக்கு அவர் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாமியாரோடு வேலியோரம் வந்தபோது நான் எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, இது இன்னா கோழியா, தலகாணியா? நாலு கிலோ தேறுமா?"

பாதிக்குமேல் இறகு என்றேன். அது உண்மைதான்.

"எனக்கும் அதான் டவுட்டு. மூணுக்குக் கீழ இருந்தா வுட்டுட்டு நாலு பிராய்லர் வாங்கிக்கலாம் அத்த. முத்தல் வேற, வேவாது. சாரு வூட்ல தராசு கீதுன்னு சொன்னியே?"

பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பெரிய தராசும் உண்டு. கொண்டுவந்தேன். கூடையை முதலில் எடை போட்டுக் கழித்துக்கொண்டேன். சேவலைக் கூடைக்குள் வைத்து மூடி, தராசில் ஏற்றினேன். எண்கள் தெரியும் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். மூன்று கிலோ அறுநூற்று நாற்பது கிராம். அந்த மூன்றை இரண்டு என்று வாசித்தால் போதும். சேவல் பிழைக்கும். பிறகு எப்படியாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்கக் கூட வேண்டாம், இருந்தால் போதும்.

மாப்பிள்ளை, தராசு ரிப்பேரா என்று கேட்டார்.

"மூணு கிலோ அறுநூத்தி நாப்பது," என்றேன்.

"பாத்தியா அத்த. சூப்பரு." அவர் கூடையைத் தூக்கப் போனார்.

நான் கூடையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்காததால் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. மார்ச் 17 அன்று கொடுத்தது தப்பான குஞ்சு என்றேன். அவருடைய முட்டையில் பொரித்தது எங்கள் வீட்டில் கூரையேறிக் கூவும் அந்தச் சேவல், இது என்னுடைய எட்டில் ஒன்று, இது ஒன்றுதான் ஆண், பொள்ளாச்சிக்காரர் வெளிநாடு போய்விட்டார், இதை வெட்டினால் ஆறு பெட்டைகளும் ஆறு வருடம் முட்டையிட்டுவிட்டுப் போய்ச் சேரும், அத்தோடு சரி. ரத்தக் கழிச்சலைப் பற்றியும் சொன்னேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதாக மனைவி பிறகு சொன்னாள். அவள் எப்போது வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மாமியார், நான் எழுதிக் கொடுத்த பேப்பர் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது என்றார். அதில் பாத்தியம் இல்லை என்று எழுதியிருந்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. பிறகு கேட்டார்:

"இது உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"ஆகஸ்ட் முதல் வாரம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். பொதுவாக அது என் வேலை.

"நாலு மாசம் வேலிக்கு இந்தாண்ட நின்னு பாத்துகினே இருந்தீங்களா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே தூக்கிக் குடுத்திருப்பேனே சார். சொம்மாவே குடுத்திருப்பேன். இப்ப மாப்ள கை வெச்சிட்டாரு. மொத கிறிஸ்மஸ்ஸு. அவுரு தூக்குனத எறக்கி வையுன்னு நான் எப்படி சொல்றது?"

அப்படியானால் சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்ளலாமே, அந்த நாட்டுச் சேவல் சட்டப்படி உங்களுடையதுதானே என்றேன். நியாயமான யோசனை. மாப்பிள்ளைகூடத் தலையாட்டினார். மனைவிதான் வேலிப் பக்கம் வந்து, தினமும் இட்லி கொடுத்து வளர்த்ததை வெட்ட ஆள் கூப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பேசிப் பார்த்திருப்பேன்.

கடைசியில் மாப்பிள்ளைதான் வழி சொன்னார். "அட வுடு அத்த. பெரியவரு நாட்டுக்கோழியா மூணு வாங்கியாந்து குடுத்துரட்டும். ருசியும் அதான். இந்தத் தலகாணிய எவன் மெல்றது?"

மார்கழி மாதம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கறி தின்னமாட்டார்கள், கோழி விலை இறங்கியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வந்ததால் இறங்கவில்லை. அச்சரப்பாக்கம் கடையில் உயிர்க்கோழி கிலோ ஐந்நூற்று இருபது. மீதம் இருந்தவை மூன்றே நாட்டுக்கோழிகள். கடைக்காரர் தராசில் நாலு கிலோ நூற்றிருபது என்று காட்டியது. வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டிய தராசு முத்திரை இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதை நான் பார்த்தேன், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அந்த மூன்று கோழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தொரு வருட சர்வீஸில் செய்யாததை அன்று செய்தேன். ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் நாற்பது காசில், இரண்டு ரூபாய் நாற்பது காசை அவர் தள்ளினார். வீட்டுக்கு வந்து எடை போட்டதில் மூன்று கிலோ தொள்ளாயிரத்து எண்பது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை ஐந்தே காலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா சேவலைத் தூக்கி வேலிக்கு மேலாகக் கொடுத்தார். கையெழுத்து எதுவும் அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டைகள் இரண்டு நாள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாட்டுச் சேவலைத் தனியாகப் பிரித்து மாமரத்தடிக்கு மாற்றினோம். பழைய சேவலின் வித்து பெட்டைகளின் உடம்பில் மூன்று வாரம் தங்கும் என்பதால் மேலும் இருபத்தொரு நாள் முட்டைகளைத் தின்று தீர்த்தோம். அறுபத்து மூன்று. டாக்டர் எனக்கு வாரத்துக்கு மூன்று முட்டை என்று சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரியில் ஏழு குஞ்சுகள் பொரித்தன. ஏழும் மந்தமாக நடந்தன, ஒன்றும் எதன்மேலும் ஏறப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, எடை போடலையா சார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சும்மா கிடைத்திருக்க வேண்டிய சேவலுக்கு, நாட்டுக்கோழி மூன்று, ரூபாய் 2,140. போகும்போது ஷேர் ஆட்டோ 20. கோழிகளோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றமாட்டேன் என்றதால் வரும்போது தனி ஆட்டோ 150. மொத்தம் ரூபாய் 2,310.